மோடத்துக்குத் தைத்த சட்டை

“என்னையும் அங்க கூட்டிக்கோ குமாரு. இதுக்கு மேல இங்க தனியா இருக்க என்னால ஆகாது.”

வேல்விழி கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று எல்லாரும் அவளிடம் சொல்லிவைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். பங்குனியில் கணவன் வேல்குமார் வேலைக்காக டாக்காவுக்கு விமானம் ஏறிய அன்றே மாமியார் குப்பாயி அவளைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “உனக்கு என்ன வேணுமோ அவங்கிட்டக் கேளு கண்ணு. நானும் வாரேன்னு மட்டும் கேட்டுப்போடாத. கூப்புடறப்ப அவனே கூப்புடுவான். தூரத்துல இருக்கற ஆம்பள மனசைக் கலைக்கப்படாது.” மண்ணரையிலிருந்து வந்த அவளுடைய அம்மா ராமாயி அதையே தெற்கத்திப் பேச்சில் சொன்னாள்: “ஏத்தா, ஒன் வாயி சும்மா கெடக்காது. அந்த ஒண்ண மட்டும் கேட்டுத் தொலைச்சிராத. கேட்டுப் போறவளுக்கு மதிப்பு இருக்காது பாத்துக்க.”

ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வேல்விழிக்கு அது பெரிய சாதனை. புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை அது உடைந்துபோனது.

திரையில் குமாரின் முகம் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடப்போகிற மாதிரி. பிறகு முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் மாடி ரூமிலிருந்து கீழே ஓடினாள். ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்துத் தட்டில்தான் மோடம் இருந்தது. காடாத் துணியில் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள் குப்பாயி. விளக்குகள் தெரிவதற்காகப் பொத்தான் துளை மாதிரி ஒரு கீறல் விட்டிருந்தாள். கீறலுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. நெட் போயிருந்தது.

அவன் அதைக் கேட்டானா, கேட்பதற்கு முன்னாலேயே நெட் போய்விட்டதா?

கொஞ்ச நேரத்தில் செல்போனில் ஒரு மெசேஜ் வந்தது. நெட் கட்டாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை பேசலாம், அவ்வளவுதான். அவள் கேட்டதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. டாக்காவில் வெள்ளிக்கிழமைதான் லீவு. அதற்குள் ஒரு வாரம் கிடந்தது. செல்போனில் கூப்பிட்டுப் பேசினால் காசு கரைந்துவிடும்.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் விட்டிருப்பாள். போன வாரம், “ரோஸ்மேரி அங்க வந்துட்டாளாமே?” என்று மெல்ல ஆரம்பித்தபோதும் இதே மாதிரிதான் ஆனது. ரோஸ்மேரி, அவனோடு அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் சகாயராஜின் மனைவி. சகாயராஜ் அங்கே போன மூன்றாம் மாதமே அவளைக் கூப்பிட்டுக்கொண்டான். அதற்கு முந்தின வாரம், “குவார்ட்டர்ஸ்ல எத்தனை ரூமு?” என்று கேட்டபோதும் போனது.

அந்த மோடமே அவளுக்காக வந்ததுதான். டாக்காவுக்குக் கிளம்புவதற்கு முன் குமார் திருப்பூருக்குப் போய், கொம்பு வைத்த வைஃபை மோடம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தான். “ஹால்ல உக்காந்து எங்கம்மா காதுக்குப் பக்கத்துல நீ என்னத்தப் பேசுவ? வயரே வேண்டாம். நம்ம ரூம்ல கட்டல்ல படுத்துக்கிட்டுப் பேசு” என்றான். ஏணி போட்டு ஏறி, தானே ஆணி அடித்துத் தட்டு மாட்டினான். ஆணி வாயில் இருந்ததால், “ஏனுங்க மேடம், நேரா இருக்குதுங்களா?” என்று அவன் கேட்டது பாதிதான் கேட்டது. அவர்கள் இருவரும் ஒரே எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர்களாக இருந்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “நீங்க நாய்க்குக் கூட ‘ங்க’ போடுவீங்களா?” என்று அவள் பட்டென்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் அவன் வேண்டுமென்றே இரண்டு ‘ங்க’ போட்டான்.

தையில் கல்யாணம், பங்குனியில் பயணம். நடுவில் வாழ்ந்தது எவ்வளவு என்று அவள் கணக்குப் பார்ப்பதில்லை, பார்த்தால் ஆத்திரம் வரும். தலையணையில் அவன் தேங்காயெண்ணெய் வாசம் போன பிறகும் அவள் அந்த உறையைத் துவைக்கவில்லை. குப்பாயி கேட்டதற்கு, “துவைச்சுட்டேன் அத்தை” என்று பொய் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பழைய ஆபீஸிலிருந்து கலைமகள் அக்கா போன் செய்தாள். அந்த அக்காதான் மேனேஜர்.

“வேல்விழி, உன்ற சீட்டு காலியாத்தான் இருக்குது. புதுசா வந்த பையன், சரக்கு வாங்கற பையருக்கு மெயில் எழுதறான், படிச்சா அழுகை வருது. வரியா?”

“அக்கா, குமாரு என்னைய அங்க கூப்பிட்டுக்குவான். ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போனான்.”

“அப்ப சந்தோசமாப் போ. இல்லீன்னா சும்மா ஊட்டுல உக்காந்துட்டு எதுக்கு? அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லிரு. அதுக்கு மேல எம்.டி.கிட்ட என்னால இழுக்க முடியாது.”

ஆக, எல்லாம் அந்த ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. அவன் வா என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும், வராதே என்றால் சண்டை போட வேண்டும். எதற்கும் நெட் வேண்டும். அன்றைக்கே புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மோடத்தோடு மல்லுக்கு நின்றாள்.

அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அப்பா சந்தனம் பனியன் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர், அம்மா பிசிறு வெட்டுகிறவள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவளுக்கு ஒரு மோடம் தண்ணி காட்டுகிறதென்றால் கோபம் வராதா? அணைத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் பச்சை எரிந்து மறுபடி சிவப்பானது. டெலிபோனும் நெட்டும் பிரிகிற சின்ன வெள்ளை டப்பாவைக் கழற்றி, லைனை நேராக மோடத்தில் சொருகினாள். அப்போதும் அதே கதை. சட்டை மூடாத பின்பக்கத் துளையில் ஊக்கைக் குத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் புதிதாகப் போட்டாள். ஒரு மணி நேரம் ஓடியது, பிறகு படுத்துக்கொண்டது.

புகார் நம்பருக்குப் போன் போட்டாள்.

“கனெக்சன் யார் பேர்ல இருக்குங்க மேடம்?”

“நாச்சிமுத்து. எங்க மாமனார்.”

“சாரைப் பேசச் சொல்லுங்க மேடம். கனெக்சன் வெச்சிருக்கறவங்கதான் பேசணும்.”

மாமனார் தறிக் குடோனில் இருந்தார். தறி ஓடும்போது கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, கூப்பிட்டாலும் காது கேட்காது. அவள் போனை வைத்துவிட்டு மறுபடி போட்டாள். வேறொருவன் எடுத்தான்.

“நான்தாங்க நாச்சிமுத்து பேசறேன்.”

எதிர்முனை யோசித்தது. “சார், குரல் லேடீஸ் குரல் மாதிரி இருக்குதுங்களே?”

“சளி.”

அவன் சிரித்துவிட்டான் போல. திங்கட்கிழமையே லைன்மேன் கருப்புசாமி வந்துவிட்டார். கம்பத்தில் ஏறி இறங்கினார், போனைக் காதில் வைத்துக் கேட்டார், மோர் குடித்தார். “லைன்ல ஒரு குறையும் இல்லீங்க. கண்ணாடி மாதிரி இருக்குது. பையன் பேசறப்பத்தான் கட்டாகுதுங்களா?” என்று கேட்டுவிட்டு, குப்பாயியைப் பார்த்துக் கண்ணடித்தார். “அந்தப் பக்கமும் பாக்கச் சொல்லுங்க.”

குப்பாயி சிரித்தாள். வேல்விழிக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று ஏறியது. லைன் கண்ணாடி, டப்பா சரி, பாஸ்வேர்ட் சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது அவன்தானே? அந்தப் பேச்சு வரும்போது அவனே கையை நீட்டி வயரைப் பிடுங்குகிறானோ? சீ, அவளே பார்த்தாளே, இங்கே சிவப்பு விளக்கு எரிந்ததே. ஆனாலும் ஒருமுறை முளைத்த சந்தேகம், அதுவும் தனியாகப் படுத்திருக்கிறவளுக்கு, லேசில் படுக்காது.

புதன்கிழமை பகலில் அவள் நெட்டில் டாக்கா மேப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்டிலைட் எடுத்த படம். குமார் சொன்ன அடையாளங்களை வைத்து அவன் தங்கியிருக்கும் கட்டடத்தைத் தேடுவது அவளுக்கு வாடிக்கையாகிவிட்டிருந்தது. ஒரு பள்ளிவாசல், பக்கத்தில் குளம், குளத்துக்கு மேற்கே நீலத் தண்ணித்தொட்டி வைத்த மொட்டைமாடி. படம் ஒரு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வரும், நீலத் தொட்டி வருவதற்குள் நின்றுவிடும். அன்றும் நின்றது. அவள் லேப்டாப்பை அடிக்கக் கை ஓங்கினாள். அதே சமயம் கரண்ட் போனது.

அவர்கள் இருக்கும் சாமளாபுரத்தில் கரண்ட் போனால் ஊரே மூச்சை நிறுத்தியதுபோல் இருக்கும். அத்தனை தறியும் ஒரே நேரத்தில் வாயை மூடும். அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதே சத்தத்தில் ஒரு வார்த்தை கத்திவிட்டு, வெட்கப்பட்டுக் குரலை இறக்குவார்கள். இரண்டு மணி நேரக் கட்டு. கரண்ட் வந்ததும் மறுபடி மேப்பைத் திறந்தாள். மளமளவென்று வந்தது. பள்ளிவாசல், குளம், நீலத் தொட்டி. மொட்டைமாடியில் ஒரு கொடி. கொடியில் வெள்ளையாக, சட்டை மாதிரி ஏதோ காய்ந்தது. இந்தப் படம் எப்போது எடுத்ததோ, அந்தச் சட்டை யாருடையதோ, அது அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கரண்ட் வந்த உடனே நெட் நன்றாக இருக்கிறது. நேரம் ஆக ஆகச் சாகிறது. இஸ்திரிக்காரன் மகளுக்கு இது தோன்ற இத்தனை நாளா?

கீழே போய் மோடத்தின் மேல் கை வைத்துக் காத்திருந்தாள். காடாத் துணிக்கு மேலேயே மெதுவாகச் சூடு ஏறியது. சட்டையின் நாடாவை அவிழ்த்து உருவினாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் டப்பா அவள் அப்பாவின் இஸ்திரிப் பெட்டிக் கைப்பிடி மாதிரி கொதித்தது. காற்றுப் போவதற்கு விட்டிருந்த துளைகள் ஒன்று பாக்கியில்லாமல் அடைத்துக் கிடந்தன. தறிக் குடோனிலிருந்து வருகிற பஞ்சு, ஆறு மாதமாகப் படிந்து படிந்து, மெத்தையாகவே ஆகிவிட்டிருந்தது. பஞ்சு போகக்கூடாது என்று போட்ட சட்டை, போன பஞ்சை வெளியே விடவில்லை.

இந்த வீட்டில் எதற்குத்தான் சட்டை இல்லை? டிவிக்கு, மிக்சிக்கு, டெலிபோனுக்கு, பிரிட்ஜ் கைப்பிடிக்கு. மண்ணரையில் அவள் வீட்டிலும் பனியன் துணியில் அதேதான். பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்று கண்ணில் படவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவள் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை.

பழைய பல் பிரஷ்ஷால் பஞ்சைச் சுரண்டினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவன் இல்லை. அவனாக ஒன்றும் பண்ணவில்லை. அத்தை பேசி, மாமா பேசி, சாப்பாட்டுக் கதை பேசி, கடைசியாகத்தானே அவள் அந்தப் பேச்சை எடுப்பாள். அதற்குள் இது கொதித்துப்போயிருக்கும். கண்டதையும் நினைத்துவிட்டோமே என்று தன் தலையில் தானே ஒன்று வைத்துக்கொண்டாள்.

“அது எதுக்குக் கண்ணு அம்மணமா நிக்குது?” என்று குப்பாயி வந்தாள்.

“அத்தை, உங்க சட்டைதான் அதுக்கு மூச்சு முட்ட வெச்சிருக்கு. சூட்டுல செத்துச் செத்துப் பொழைச்சிருக்கு.”

“மெசினுக்கு மூச்சா? தூசு போயிருமேன்னு ரெண்டு மடிப்பு வெச்சுத் தைச்சேன். என்ற பையன் முகம் தெரியற சாமானாச்சேன்னு.” அவள் முகம் சுண்டிப்போனது. அந்தச் சட்டையின் ஓரத்தில், ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

வேல்விழிக்கு மனசு கொஞ்சம் இளகியது. “வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும் இப்படியே இருக்கட்டும் அத்தை.”

வெள்ளிக்கிழமை குப்பாயி விளக்குப் போடக் கோயிலுக்குப் போனாள். மாமனார் குடோனில் இருந்தார். வேல்விழி மாடிக்குப் போகவில்லை. விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும் என்று ஒரு ஆசை. மோடத்துக்கு எதிரில், ஹால் தரையில், லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்து, அவனுக்குப் பிடித்த மாம்பழ மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள்.

“ஏனுங்க மேடமுங்க, சாப்ட்டீங்களாங்க?”

அவன் முகம் இவ்வளவு தெளிவாக வந்து எத்தனை நாள் ஆயிற்று! தாடையில் சவரக் காயம்கூடத் தெரிந்தது. அதைத் தொடப் போன விரலைத் திரைக்கு முன்னால் மடக்கிக்கொண்டாள்.

“கன்னத்துல என்ன?”

“பிளேடு. நீ இருந்தா கரண்டியத் தூக்கிட்டு வந்து திட்டியிருப்ப.”

“இங்கிருந்தே திட்டறேன் இரு.”

பேசினார்கள். மெஸ்ஸில் மீன் குழம்பில் கடுகெண்ணெய் ஊற்றுவது, ஒரு ஷிப்மெண்டில் பனியனின் கை வேறு கலரில் வந்து அத்தனையும் திரும்பியது, சகாயராஜ் வங்காளம் பேசி மாட்டிக்கொண்டது. அவன் சிரித்தால் மூக்கு சுருங்கும். அது சுருங்குவதைப் பார்க்கவே அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். வழக்கமாகக் கட்டாகும் நேரம் வந்தது, போனது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

“இன்னைக்கு நெட்டு நல்லா இருக்குது போல?” என்றான் குமார். அதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. கீழே எங்கேயோ பார்த்தான்.

சரிபண்ணிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏனோ சொல்லவில்லை.

“குமாரு, போன வாரம் நான் ஒண்ணு கேட்டேன். கேட்டுச்சா?”

“எது?”

“என்னையும் அங்க கூட்டிக்கோன்னு கேட்டேன். சகாயராஜுக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்த கம்பெனி உனக்கும் குடுக்கும். எனக்கு அங்க வேலைகூடக் கிடைக்கும். வா, வராத, ரெண்டுல ஒண்ணு சொல்லு. எதுன்னாலும் சொல்லு.”

அவன் கண் நிமிர்ந்தது. அவளை நேராகப் பார்த்தது. பாவம் போல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு அவன் தோள் லேசாக முன்னால் சாய்ந்தது.

படம் போய்விட்டது.

முகம் நிற்கவில்லை. கட்டம் கட்டமாகச் சிதறவில்லை. விளக்கை அணைத்த மாதிரி சுத்தமாகப் போனது. வேல்விழி மோடத்தைப் பார்த்தாள். பச்சை. நாலு விளக்கும் பச்சை. மேப்பைத் திறந்தாள். பள்ளிவாசல், குளம், நீலத் தொட்டி, கொடி, எல்லாம் மளமளவென்று வந்தன. குமாரின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாம்பல் நிறமானது.

செல்போன் அடித்தது.

“கட்டாயிருச்சு விழி. உங்க பக்கம்தான் ஏதோ பிரச்சினை. அந்த மோடத்தையே மாத்தச் சொல்லு, எப்பவும் இதே தொல்லை.”

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “குமாரு, நான் மோடத்துக்கு முன்னாலதான் உக்காந்திருக்கேன். பச்சையா எரியுது.”

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அவன் மூச்சு கேட்டது. அந்த மூச்சு இத்தனை கிட்டத்தில் கேட்டு எவ்வளவு நாள்! அதற்காகவே இன்னும் கொஞ்சம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வராதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ராத்திரிக்குள் சமாதானமும் ஆகியிருப்பாள். அவனுக்கு அவளை வேண்டாம் என்று இல்லை. பிரியமாகத்தான் இருக்கிறான், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, திரை அளவுக்கு. அதற்கு மேல் அவள் வந்துவிடக் கூடாது. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு டப்பாவின் மேல் பழி போடுகிறான்.

“விழி… அப்படியில்ல… கொஞ்ச நாள் போகட்டும்னு…”

“சரி. சாப்பிடு. காயத்துக்கு மஞ்சள் வை.”

போனை வைத்தாள். லேப்டாப்பை மூடினாள். மாடிக்குப் போய்த் தலையணை உறையைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டு, சோப்புப் பவுடர் தூவித் தண்ணீர் பிடித்தாள். உறை மிதந்தது. ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தாள். பிறகு கையை உதறிவிட்டு எழுந்து, முகம் கழுவி, ஹேண்ட்பேக்கை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

கீழே குப்பாயி கோயிலிலிருந்து வந்திருந்தாள். திருநீற்றை நீட்டினாள். “எங்க கண்ணு கெளம்பிட்ட? பையன் பேசுனானா? நெட்டு சரியாயிருச்சா?”

“சரியாயிருச்சு அத்தை. திருப்பூர் போறேன், ஆபீசுக்கு. திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வர்றேன்னு நேர்ல சொல்லிட்டு, அப்படியே மண்ணரைக்குப் போறேன். அங்கிருந்துதான் வேலைக்குப் போவேன்.”

“அவங்கிட்டக் கேட்டியா?”

“நீங்க கேக்கக் கூடாதுன்னு சொன்னதைக் கேட்டேன்.”

குப்பாயியின் கை நீட்டியபடியே நின்றது. “என்ன சொன்னான்?” என்று கேட்ட குரல் மாமியார் குரலாக இல்லை. அவளும் எதையோ எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது.

வேல்விழி திருநீற்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். “மங்கலம் வழியாப் போற மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் அத்தை.”

வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள். குப்பாயி முக்காலியை இழுத்துப் போட்டு, எக்கி நின்று, மோடத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். நாடாவை இழுத்து, பாப்பாவுக்கு முடிவது போல ஒரு முடிச்சு. தறிச் சத்தத்துக்கு நடுவில், வேல்விழி தெருவில் இறங்கி நடந்தாள்.